ஒரே முற்றம், மூன்று அடுப்பு: ஜெர்மனியின் கிளைப் பள்ளி

கேள்வி: "ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே குடியிருக்கிறோம். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் இப்போது நான்காம் வகுப்பு. அடுத்த வருடத்துக்காகப் பக்கத்துப் பள்ளியைப் பார்க்கப் போனோம். வாசலில் 'கோஓபெரட்டிவெ கெசாம்ட்ஷூலே' என்று போட்டிருக்கிறது. உள்ளே மூன்று கிளைகள் உண்டாம். ஒரு பள்ளிக்குள் மூன்று பள்ளியா? இது எப்படி வந்தது, எப்படி நடக்கிறது? இங்கே சேர்த்தால் மகளுடைய கிம்னாசியம் வாய்ப்பு போய்விடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போகாது. அந்தப் பள்ளியின் கிம்னாசியக் கிளையில் சேர்த்தால் அது கிம்னாசியப் படிப்புதான். போய்ச் சேருகிற இடமும் அதே அபிட்டூர், அதாவது பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இங்கே கேட்கிற பள்ளி இறுதித் தேர்வு. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: கிளைகளுக்கு நடுவில் இருக்கிற கதவு எந்தப் பக்கம் எளிதாகத் திறக்கிறது? அதைச் சொல்ல, இந்தப் பள்ளி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் இருக்கிற இந்த ஹெஸ்ஸன் மாநிலத்தின் தெற்கே 18 வருடமாக இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இப்படி ஒரு பள்ளியில்தான் படித்தார்கள். பெற்றோர் மன்றத்தில் 4 வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பள்ளிமேல் பாசமும் உண்டு, கோபமும் உண்டு; இரண்டையும் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் சொல். 'கெசாம்ட்ஷூலே' என்றால் எல்லா வகைப் படிப்பும் ஒன்றாக இருக்கிற பள்ளி. 'கிளை' என்றதும் வங்கிக் கிளை, ஜவுளிக்கடைக் கிளை மாதிரி ஊருக்கு ஊர் ஒன்று என்று நமக்குத் தோன்றும். அது இல்லை. ஜெர்மனில் இதை 'ட்ஸ்வைக்' என்கிறார்கள். மரத்தின் கிளைக்கும் அதே சொல்தான். ஒரே அடிமரம், அதில் மூன்று கிளை: ஹவுப்ட்ஷூலே, ரெயால்ஷூலே, கிம்னாசியம். ஹவுப்ட்ஷூலே 9ஆம் வகுப்போடு முடிந்து கைத்தொழில் பயிற்சிக்குப் போகிற வழி. ரெயால்ஷூலே 10 வரை. அலுவலகம், தொழில்நுட்பம், மருத்துவ உதவிப் பணிகள் பக்கம் கொண்டுபோகும். கிம்னாசியம் அபிட்டூர் வரை. ஜெர்மனியின் பல இடங்களில் இவை மூன்றும் தனித்தனிக் கட்டடம், தனித்தனித் தலைமை ஆசிரியர் என்று வேறுவேறு பள்ளிகளாக இருந்தன. உங்கள் பக்கத்துப் பள்ளியில் மூன்றும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. அவ்வளவுதான் அடிப்படை.

இந்தப் பிரிவினை ரொம்பப் பழையது. ஆச்சரியம் என்னவென்றால், கதை தொடங்குகிற ஊர் நமக்கும் சொந்தமான ஊர்: ஹாலே. அங்கே அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார் 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்குப் பெரிய கட்டடம் எழுப்ப அடிக்கல் நாட்டினார். சில வருடங்களில் அது ஒரு சிறு நகரமே ஆனது. ஏழைகளுக்கும் சாதாரண நகரவாசிகளுக்கும் ஜெர்மன் பள்ளிகள், மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு லத்தீன் பள்ளி, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'பேடகோகியும்' என்ற தனிப் பள்ளி என்று ஒரே வளாகத்துக்குள் அந்தஸ்துக்கு ஒரு பள்ளி. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரே சீகன்பால்க், அவர் இந்த ஃபிராங்கேயிடம் படித்தவர். நம் ஊர் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே ஊரில் கிறிஸ்டோஃப் செம்லர் என்பவர் 1708இல், லத்தீனை விட்டுவிட்டுக் கணக்கும் இயந்திரவியலும் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி ஆரம்பித்து, அதற்கு 'ரெயால்ஷூலே' என்று பெயர் வைத்தார். 1747இல் ஹெக்கர் பெர்லினில் தொடங்கிய ரெயால்ஷூலேதான் நிலைத்து நின்றது. 'ரெயால்' என்றால் இங்கே நிஜப் பொருள்கள் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். புத்தகத்தில் கலப்பையைப் படிக்காமல் கலப்பையையே கொண்டுவந்து வைத்துப் படிக்கிற பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19ஆம் நூற்றாண்டில், அன்றைய ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யா இதை அரசாங்க இயந்திரமாக்கியது. அபிட்டூர் 1788இல் வந்தது. 1834இலிருந்து அது இல்லாமல் பல்கலைக்கழகம் இல்லை என்று ஆனது. வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் 1809இல் கல்வித் துறையை நடத்தியபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான அடிப்படைக் கல்வி, தொழிற்கல்வி அதற்குப் பிறகு என்றுதான் எழுதினார். அதைச் சட்டமாக்க அவருக்குப் பின் வந்த சுவெர்ன் 1819இல் வரைவு தயாரித்தார். அது கோப்பிலேயே தூங்கிப்போனது. நடைமுறையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை 6 வயதிலேயே, கிம்னாசியத்தோடு ஒட்டியிருந்த 'ஃபோர்ஷூலே' என்ற கட்டணப் பள்ளிக்குப் போனான். மற்றவர்கள் ஊர்ப் பொதுப்பள்ளிக்குப் போனார்கள். தையல்காரர் மகனும் நீதிபதி மகனும் ஒரே பெஞ்சில் ஒரு நாள்கூட உட்காராமலே வளர முடிந்தது. பெண்பிள்ளைகளுக்கு அபிட்டூர் வழியும் பல்கலைக்கழகக் கதவும் பிரஷ்யாவில் முறைப்படி திறந்தது 1908இல்தான்.

1918 நவம்பரில் முடியாட்சி போனது. 1919இல் வைமார் குடியரசின் அரசியல் சாசனம் வந்தது. அடுத்த வருடம் 1920 ஏப்ரல் 28ஆம் தேதி ஒரு சட்டம் போட்டார்கள்: முதல் 4 வகுப்பு எல்லாருக்கும் ஒரே பள்ளி, ஃபோர்ஷூலேக்களை மூட வேண்டும். உங்கள் மகள் இப்போது படிக்கிற க்ருண்ட்ஷூலே அப்போது பிறந்தது. 8 வருடம் சேர்ந்து படிக்கட்டும் என்றார்கள் இடதுசாரிகள். ஒரு வருடம்கூட வேண்டாம் என்றது எதிர்ப்பக்கம். பேரம் 4இல் வந்து நின்றது. 10 வயதில் குழந்தையின் மூளையில் ஏதோ கதவு சாத்திக்கொள்கிறது என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 4, நூறு வருடம் தாண்டியும் கல்வெட்டு மாதிரி நிற்கிறது. பெர்லின், பிராண்டன்பர்க் இரண்டில் மட்டும் 6 வருடம்.

அந்தக் காலத்திலேயே ஒருவர் பிரிக்காமல் நடத்திக் காட்டினார். ஃபிரிட்ஸ் கார்சன். பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதி, தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1921இல் அங்கே ஒரு பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பின்னால் கார்ல் மார்க்ஸ் பள்ளி என்று பெயர் மாறியது. சின்ன வகுப்பிலிருந்து அபிட்டூர் வரை ஒரே கூரையின் கீழ். ஆலைத் தொழிலாளிகள் மாலையில் வந்து அபிட்டூர் எழுதவும் வகுப்பு நடத்தினார். 1933இல் நாஜிகள் வந்ததும் அவரைத் தூக்கியெறிந்தார்கள். அவர் நாட்டைவிட்டே போனார். பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் இன்று அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. அதற்கு அவர் பெயரை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. காரணம் பிறகு வரும்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் ஜெர்மன் பள்ளிகளைப் பார்வையிட ஒரு குழுவை அனுப்பினார்கள். 1946இல் வந்த அந்தக் குழு, 10 வயதிலேயே பிள்ளைகளை மேலே கீழே என்று பிரித்து வளர்ப்பது மேல்சாதி மனப்பான்மையையும் கீழ்ப்படிகிற மனப்பான்மையையும் வளர்க்கிறது என்கிற ரீதியில் கடுமையாக எழுதியது. 'மேல்சாதி' என்பது என் சொல். நமக்கு அப்படிச் சொன்னால்தான் சட்டென்று உறைக்கும். 1947 ஜூனில் நான்கு நேச நாடுகளும் சேர்ந்து 54ஆம் எண் உத்தரவு போட்டன: கட்டணம் இல்லாத படிப்பு, இலவசப் புத்தகம், பள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற தனித்தனித் தூண்களாக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற படிகளாக இருக்க வேண்டும். ஹெஸ்ஸன் மாநிலம் 1946 அரசியல் சாசனத்தின் 59ஆம் பிரிவிலேயே கட்டணமில்லாக் கல்வியையும் பாடப்பொருள்களையும் எழுதிவைத்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் உங்கள் மகள் ஒரு பை நிறைய இரவல் புத்தகங்களோடு வீட்டுக்கு வருவாளே, உள் அட்டையில் அதற்கு முன் படித்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்குமே, அது அந்த 59ஆம் பிரிவு.

பெர்லின் 1948இல் 8 வருடப் பொதுப்பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. மேற்கு பெர்லின் 1951இலேயே அதைக் கலைத்து 6 ஆக்கியது. அந்தக் கலைப்பில் தப்பிப் பிழைத்து ஒன்றாகவே தொடர்ந்த பள்ளிதான் பிரிட்ஸில் இருக்கிற அந்த ஃபிரிட்ஸ் கார்சன் பள்ளி.

நம் பக்கத்துக்கு வருவோம். டார்ம்ஸ்டாட்டிலிருந்து தெற்கே, ஓடன்வால்ட் மலையடிவாரத்தில் சேஹைம்-யூகன்ஹைம் என்று ஒரு ஊர். ட்ராம் பிடித்தே போகலாம். அங்கே 1954இல் அமெரிக்க உதவிப் பணத்தோடு கட்டிய பள்ளி 'ஷூல்டோர்ஃப் பெர்க்ஷ்ட்ராஸே'. ஷூல்டோர்ஃப் என்றால் பள்ளிக் கிராமம். பெயருக்கேற்ப, ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் மரங்களுக்கு நடுவே தாழ்வான தனித்தனிக் கூடங்கள். சின்ன வகுப்பிலிருந்து எல்லாக் கிளைகளும் ஒரே நிலத்தில். மேற்கு ஜெர்மனியின் முதல் கெசாம்ட்ஷூலே என்று அதைத்தான் சொல்வார்கள். இன்று அங்கே ஆங்கிலவழியில் ஒரு சர்வதேசக் கிளையும் இருப்பதால் நம் ஆட்கள் நிறையப் பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், வரலாறு தெரிந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வெளியிலிருந்து பாருங்கள். யுத்தம் முடிந்து 9 வருடத்தில், பள்ளி என்றால் பட்டாளக் கொட்டகை மாதிரி இருக்கக்கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அது தனி மரம். மற்ற இடங்களில் பழைய மூன்று தூண்களை அப்படியே நிமிர்த்தி வைத்தார்கள். 1964இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஹவுப்ட்ஷூலே, ரெயால்ஷூலே, கிம்னாசியம் என்ற பெயர்களை நாடு முழுவதற்கும் உறுதியாக்கியது. அதே வருடம் கேயோர்க் பிஹ்ட் என்ற கல்வியாளர், ஜெர்மனியில் கல்விப் பேரழிவு நடந்துகொண்டிருக்கிறது, அபிட்டூர் வரை வருகிறவர்கள் போதாது, நாளைக்கு ஆசிரியருக்கே ஆள் இருக்காது என்று தொடர் கட்டுரை எழுதி நாட்டையே உலுக்கினார். யார் வரவில்லை என்று பார்த்தால் கிராமத்துப் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், பெண்கள். 1969இல் ஜெர்மன் கல்விக் குழு, குறைந்தது 40 கெசாம்ட்ஷூலேக்களைச் சோதனையாக நடத்திப் பாருங்கள் என்று பரிந்துரைத்தது.

அங்கேதான் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று 'இன்டெக்ரீர்ட்டெ', ஒருங்கிணைந்த பள்ளி: கிளையே இல்லை, எல்லாரும் ஒரே வகுப்பு, கணக்கு, ஆங்கிலம் போன்ற சில பாடங்களுக்கு மட்டும் திறனுக்கேற்பக் குழு. கணக்கில் மேல் குழுவிலும் ஆங்கிலத்தில் அடிப்படைக் குழுவிலும் ஒரே பிள்ளை இருக்கலாம். இன்னொன்று 'கோஓபெரட்டிவெ', உங்கள் பக்கத்துப் பள்ளி: கிளைகள் அப்படியே, காம்பவுண்டு, தலைமை, நூலகம், விளையாட்டு மைதானம் பொது. நம் கிராமங்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு பார்த்திருப்பீர்கள். முற்றம் ஒன்று, கிணறு ஒன்று, அடுப்பு மட்டும் மூன்று. அதுதான் இது. சண்டை முடியவில்லை, வீட்டையும் இடிக்கவில்லை.

அந்த அரைகுறைச் சமாதானத்தைக்கூடச் சிலர் ஏற்கவில்லை. பக்கத்து மாநிலமான நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா 1977இல் இதே மாதிரிக் கூட்டுப் பள்ளிக்குச் சட்டம் கொண்டுவந்தது. 'ஷ்டாப் கூப்', அதாவது 'கூட்டுப் பள்ளியை நிறுத்து' என்று ஒரு பெற்றோர் இயக்கம் கிளம்பியது. 1978 குளிரில் இரண்டு வாரம் ஜனங்கள் நகராட்சி அலுவலகங்களில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்: 36 லட்சத்துக்கும் மேல். தேவைப்பட்டது வாக்காளர்களில் 20 சதவீதம். வந்தது ஏறக்குறைய 30. அரசு சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டது. அதனால்தான் கோல்ன், டுஸ்ஸல்டோர்ஃப் பக்கம் இருக்கிற உங்கள் நண்பர்கள் கெசாம்ட்ஷூலே என்று சொன்னால் அது வேறு சரக்கு. அங்கே ஒருங்கிணைந்த வகைதான். கிளை வைத்த வகை ஹெஸ்ஸனிலும் கீழ் சாக்ஸனியிலும்தான் வேர்பிடித்தது. வாட்ஸாப்பில் வருகிற அறிவுரையைக் கேட்கும்போது அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். கல்வி இங்கே முழுக்க முழுக்க மாநில அதிகாரம். 16 மாநிலம், 16 சட்டம்.

அந்தக் கோபம் ஏன் அவ்வளவு? ஒரு காரணம் எல்லைக்கு அந்தப்பக்கம். கிழக்கு ஜெர்மனி 1959இலிருந்து எல்லாருக்கும் 10 வருடம் ஒரே பள்ளி என்று நடத்திக்கொண்டிருந்தது. மேற்கில் 'ஒரே பள்ளி' என்று யார் வாயெடுத்தாலும் சோஷலிச வாடை அடித்தது. இன்னொரு காரணம் எளிமையானது: கிம்னாசியத்தில் படித்தவர்கள் தங்கள் கிம்னாசியத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஹாம்பர்க் நகரம் 2010இல் க்ருண்ட்ஷூலேயை 6 வருடமாக்கப் பார்த்தது. நகர சபையில் எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. ஜூலை 18ஆம் தேதி பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். 1920இன் அந்த 4ஐ அசைக்க முடியவில்லை. கெசாம்ட்ஷூலேயின் சான்றிதழ்களை எல்லா மாநிலங்களும் ஏற்பதற்கே 1982 வரை இழுத்தது. இப்போது அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

2001 டிசம்பரில், பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடுகிற பீசா ஆய்வின் முதல் முடிவுகள் வந்தபோது ஜெர்மனி அதிர்ந்தது. மதிப்பெண் சராசரிக்குக் கீழே போனதைவிட, அப்பா அம்மாவின் வசதிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் இருந்த முடிச்சு இங்கே மிக இறுக்கமாக இருந்ததுதான் அவமானம். அதற்குப் பிறகு பல மாநிலங்கள் சத்தமில்லாமல் ஹவுப்ட்ஷூலேயை மூடி, கிம்னாசியம் ஒன்று, மற்ற எல்லாம் சேர்ந்த பள்ளி ஒன்று என்று இரண்டு தூணாகக் குறைத்துவிட்டன. பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் இன்று அப்படித்தான்.

வரலாறு போதும். உள்ளே எப்படி நடக்கிறது?

மேலே ஒரு தலைமை ஆசிரியர். அவருக்குக் கீழே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு 'ட்ஸ்வைக்லைட்டர்', கிளைத் தலைவர். உங்கள் மகள் விஷயமாக நீங்கள் வருடத்தில் நாலு முறை பார்க்கப்போவது அவரைத்தான். தலைமை ஆசிரியர் விழாவில் பேசுவார். கட்டடம் மாவட்ட நிர்வாகத்தின் சொத்து, ஆசிரியர்கள் மாநில அரசின் ஊழியர்கள். எனவே கூரை ஒழுகினால் மனு ஒரு அலுவலகத்துக்கு, கணக்கு வாத்தியார் இல்லையென்றால் மனு இன்னொரு அலுவலகத்துக்கு. பெற்றோர் மன்றத்தில் நான் முதல் வருடம் முழுவதும் எழுதிய கடிதங்கள் தப்பான விலாசத்துக்குப் போயின. வகுப்புக்கு வகுப்பு பெற்றோர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். 'ஷூல்கான்ஃபெரென்ஸ்' என்ற பள்ளிப் பேரவையில் ஆசிரியர் பாதி, பெற்றோரும் மாணவரும் சேர்ந்து பாதி. சும்மா அலங்காரத்துக்கு இல்லை. பள்ளியின் பெரிய முடிவுகள் அங்கே வாக்கெடுப்புக்கு வரும். முதல் கூட்டத்தில் யாரும் கைதூக்காமல் எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தூக்கிவிடுங்கள். ஜெர்மன் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

5ஆம் வகுப்பில் இரண்டு விதம் உண்டு. சில பள்ளிகளில் நேராகக் கிளைக்குள் போக வேண்டும். சிலவற்றில் 5, 6 இரண்டு வருடம் 'ஃபோர்டர்ஷ்டூஃபே' என்று எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். கணக்கு, ஆங்கிலத்துக்கு மட்டும் தரவாரியான குழுக்கள். 7இல்தான் கிளை பிரியும். இரண்டையும் வைத்திருக்கிற பள்ளியும் உண்டு. வகுப்பின் பெயரைப் பார்த்தாலே கிளை தெரிந்துவிடும்: 7ஜி1, 7ஆர்2, 7ஹெச்1 என்று கதவில் ஒட்டியிருக்கும். ஜி என்றால் கிம்னாசியம், ஆர் ரெயால்ஷூலே, ஹெச் ஹவுப்ட்ஷூலே. பிள்ளைகளும் 'நான் ஆர்' என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

எது பொது, எது தனி? உடற்பயிற்சி, இசைக்குழு, நாடகம், மதிய உணவு, விருப்பக் குழுக்கள், சுற்றுலா, மாணவர் மன்றம் ஆகியவை பொதுவாக இருக்கும். சில பள்ளிகளில் மதப் பாடமும் ஓவியமும்கூட. கணக்கு, ஜெர்மன், ஆங்கிலம், அறிவியல் தனி. கிம்னாசியக் கிளையில் 6இலோ 7இலோ இரண்டாவது அந்நிய மொழி கட்டாயம். ஃபிரெஞ்சு, லத்தீன், ஸ்பானிஷ் என்று பள்ளிக்குத் தக்கபடி. ரெயால்ஷூலேயில் அது விருப்பம். ஹவுப்ட்ஷூலேயில் அந்த நேரத்துக்குத் தொழில் பாடமும், ஒரு பட்டறையிலோ பேக்கரியிலோ முதியோர் இல்லத்திலோ சில வாரப் பயிற்சியும். இந்த இரண்டாவது மொழிதான் கிளைகளுக்கு நடுவில் இருக்கிற நிஜமான சுவர். 7ஆம் வகுப்பு முடிவில் ஆர் கிளையிலிருந்து ஜி கிளைக்குத் தாவ ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் இருந்தாலும், மற்றவர்கள் ஒரு வருட ஃபிரெஞ்சைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

இறங்குவது அப்படி இல்லை. மதிப்பெண் இங்கே 1இலிருந்து 6, குறைந்தால் நல்லது. இதைப் பாட்டிக்குப் போனில் விளக்குவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். தொடர்ந்து 5 வந்தால் ஆசிரியர் குழு கூடி 'க்வேர்ஃபெர்செட்சுங்', குறுக்கு மாற்றம் என்று முடிவெடுக்கும். சட்டத்தில் குறுக்கு, ஊர் வாயில் 'அப்ஷூலுங்', கீழே தள்ளுவது. தனிக் கிம்னாசியத்தில் இது நடந்தால் பிள்ளை பள்ளியையே விட்டுப் போக வேண்டும். இங்கே அது இல்லை. கிளைப் பள்ளியின் உண்மையான பலம் அதுதான். என் மகனின் சிநேகிதன் ஒருவன் 7ஆம் வகுப்பு முடிவில் ஜியிலிருந்து ஆருக்குப் போனான். அதே பஸ், அதே சைக்கிள் ஸ்டாண்டு, அதே ஹேண்ட்பால் அணி. மாறியது மாடிப்படி மட்டும்: முன்பு இடதுபக்கம் ஏறினான், இப்போது வலதுபக்கம். முதல் வாரம் இடைவேளையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த மேசைப்பந்து மேடையில் உட்கார்ந்திருந்தானாம். மூன்றாம் வாரம் அந்த மேடையில் இரண்டு கிளைப் பையன்களும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்று அவன் ரெயால்ஷூலே முடித்து மின்சாரத் தொழில் பயிற்சியில் சம்பளம் வாங்குகிறான். என் மகனுக்கு இன்னும் நான்தான் போன் பில் கட்டுகிறேன்.

ஏறுகிற வழியும் இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லை, கடைசியில். ரெயால்ஷூலேயின் 10ஆம் வகுப்பை முக்கியப் பாடங்களில் 3ஐ விட நல்ல சராசரியோடு முடித்தால் கிம்னாசிய மேல்நிலைக்குப் போகலாம். விட்டுப்போன இரண்டாவது மொழியை அங்கே புதிதாகத் தொடங்கி மூன்று வருடமும் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி 16 வயதில் ஸ்பானிஷ் அரிச்சுவடியிலிருந்து தொடங்கி அபிட்டூர் எழுதினாள். தொழிற்கல்வி வழியாக அபிட்டூருக்குப் போகிற பள்ளிகளும் தனியாக உண்டு. எனவே 10 வயதில் தலையெழுத்து முடிந்துவிடுகிறது என்று நம் ஆட்கள் அழுகிற அளவுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுவழியும் பிள்ளையிடமிருந்து கூடுதல் உழைப்பைக் கேட்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஹெச் கிளை. பெற்றோர் யாரும் அதைத் தாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மற்ற இடங்களில் தங்காதவர்கள் வந்து சேருகிற இடமாகிவிட்டது. 'ரெஸ்ட்ஷூலே', மிச்சப் பள்ளி என்று ஜெர்மானியர்களே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் 5ஆம் வகுப்பில் ஹெச்சுக்கு ஒரு வகுப்புகூட நிரம்பாது. 8இல் நிரம்பி வழியும், எல்லாரும் மேலேயிருந்து வந்தவர்கள். அதில் அகமது, மிலான், அலெக்சாந்தர் என்ற பெயர்கள் அதிகம் இருப்பது தற்செயல் இல்லை. என்னைக் கேட்டால் ஒருங்கிணைந்த வகைதான் நேர்மையானது. ஆனால் அரசியலில் நடக்கக்கூடியது எது என்று கேட்டால், ஹெஸ்ஸனில் இந்தப் பாகம் பிரித்த வீடுதான் நடந்திருக்கிறது.

ஒரு வேடிக்கை. ஹெஸ்ஸன் 2004 வாக்கில் கிம்னாசியப் படிப்பை 9 வருடத்திலிருந்து 8 ஆகச் சுருக்கியது. பிள்ளைகள் பிழியப்பட்டார்கள். பெற்றோர் கொதித்தபோது, 2008இல் முதலில் கிளைப் பள்ளிகளுக்கு மட்டும் பழைய 9க்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. தனிக் கிம்னாசியங்களுக்கு அது வர இன்னும் ஐந்து வருடம் ஆனது. அந்த இடைவெளியில், 'கெசாம்ட்ஷூலேயா, சேச்சே' என்றிருந்த வீடுகளெல்லாம் வரிசையில் வந்து நின்றன. அப்படி வந்த கூட்டத்தில்தான் எங்கள் வீடும்.

உங்கள் மகள் விஷயம். ஒன்றரை வருடத்தில் ஜெர்மன் எவ்வளவு பிடித்திருக்கிறாள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 4ஆம் வகுப்பு அரையாண்டுச் சான்றிதழ் ஜனவரிக் கடைசியில் வரும். அதையொட்டி வகுப்பாசிரியர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். பிறகு ஒரு படிவம். ஹெஸ்ஸனில் கடைசி முடிவு பெற்றோருடையது. பவேரியாவில் கிம்னாசியத்துக்கு ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33க்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, இங்கே இல்லை. ஆசிரியர் ரெயால்ஷூலே என்று சொன்னாலும் நீங்கள் கிம்னாசியம் என்று எழுதலாம். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். 'கணக்கு நன்றாக வருகிறது, ஜெர்மன் கட்டுரை திணறுகிறது' என்றால் அது மொழிக் குறை. இரண்டு வருடத்தில் சரியாகும். அந்த மாதிரிப் பிள்ளைக்கு ஃபோர்டர்ஷ்டூஃபே உள்ள கிளைப் பள்ளி கை மேல் வரம். கிளை முடிவை 12 வயதுக்குத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் மொழி ஏறிவிடும்.

திறந்த வாசல் நாள் என்று குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை வைப்பார்கள். வேதியியல் அறையில் புகை வரவழைத்துக் காட்டுவார்கள், கேக் விற்பார்கள். அதையெல்லாம் மகள் பார்க்கட்டும். நீங்கள் கிளைத் தலைவரைப் பிடித்து மூன்று கேளுங்கள். இங்கே ஃபோர்டர்ஷ்டூஃபே இருக்கிறதா, நேர்க் கிளையா? போன வருடம் ஆரிலிருந்து ஜிக்கு எத்தனை பேர் ஏறினார்கள், ஜியிலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள்? மேல்நிலை வகுப்புகள் இதே வளாகத்தில் உண்டா, 11க்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு எண்ணோடு பதில் வந்தால் நல்ல பள்ளி. 'அது பிள்ளையைப் பொறுத்தது' என்று சிரித்தால், இன்னொரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் யாரையாவது கேளுங்கள். அவர்களுக்குப் பெயரோடு தெரியும்.